கிட்னி ஸ்கேன்: பாதி வேலை நம் கையில்

(நம் சங்கத்தின் உடல்நலக் கூட்டத்தில், மருத்துவமனையின் நியூக்ளியர் மெடிசின் பிரிவில் டெக்னாலஜிஸ்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்பு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே தருகிறோம்.)



போன கூட்டம் முடிந்து கீழே இறங்கும்போது இரண்டு மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "டாக்டர் டிடிபிஏ ஸ்கேன் எழுதிக் கொடுத்திருக்கிறார். கதிர்வீச்சு உள்ள ஊசி போடுவார்களாமே? அவசியம் எடுக்க வேண்டுமா?" ஒருவர் அந்தச் சீட்டை நான்கு மாதமாகப் பர்ஸிலேயே வைத்திருக்கிறார். அந்த நான்கு மாதத்தை நினைத்துத்தான் இன்று பேச ஒப்புக்கொண்டேன்.

முதலில் இந்த ஸ்கேன் எதற்கு என்று பார்ப்போம்.

நம் குடியிருப்பில் ஓவர்ஹெட் டேங்குக்குத் தண்ணீர் ஏற்ற இரண்டு மோட்டார் இருக்கிறது. ஒன்று பழுதாகி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று கூடுதலாக ஓடி டேங்கை நிரப்பிவிடும். உங்கள் குழாயில் தண்ணீர் வரும். நீங்கள் சந்தோஷமாக இருப்பீர்கள். டேங்க் நிறைந்திருக்கிறது என்பதால் இரண்டு மோட்டாரும் ஓடுகிறது என்று சொல்ல முடியுமா?

இரத்தப் பரிசோதனையில் வரும் கிரியேட்டினின் என்பது டேங்க் அளவு மாதிரி. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து செய்த வேலையின் மொத்தக் கணக்கு அது. ஒரு சிறுநீரகம் முழுக்கப் படுத்துவிட்டாலும், மற்றது ஆரோக்கியமாக இருந்தால் கிரியேட்டினின் நார்மல் என்றே வரலாம். அல்ட்ராசவுண்ட் என்பது மோட்டாரை வெளியிலிருந்து பார்ப்பது. அளவு என்ன, வீக்கம் இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று சொல்லும். எது எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லாது. அதைத் தனித்தனியாக அளந்து சொல்வதுதான் நியூக்ளியர் மெடிசின் ஸ்கேன்.

இது ஏன் முக்கியம்? நம் ஊர் வெயிலுக்குச் சிறுநீரகக் கல் சாதாரணம். வலி வரும், துடிப்போம், மாத்திரை போடுவோம். வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்று நினைப்போம். பல பேருக்குப் போயிருக்கும். சிலருக்குக் கல் சிறுநீர்க் குழாயிலேயே உட்கார்ந்துகொள்ளும். சிறுநீர் பின்னால் தேங்கும். நாளாக ஆக வலியும் மந்தமாகிவிடும். அந்தச் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே போகும். நான் வேலை பார்த்த காலத்தில், ஒரு பக்கம் பத்து சதவீதம்கூட வேலை செய்யாத நிலையில் வந்து படுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் கையில் "கிரியேட்டினின் நார்மல்" என்ற ரிப்போர்ட் இருக்கும். அந்த நிலையில் அடைப்பை எடுத்துச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதா, அந்தச் சிறுநீரகத்தையே எடுத்துவிடுவதா என்று டாக்டர் யோசிக்க வேண்டியிருக்கும். சில மாதங்கள் முன்னால் வந்திருந்தால் கேள்வியே வேறு. சீட்டைப் பர்ஸில் வைத்திருக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சிறுநீரகம் தானம் கொடுக்க முன்வருபவர்களுக்கும் இந்த ஸ்கேன் எடுக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் தாய்மார்களும் மனைவிமார்களும்தான் கொடுக்கிறார்கள். இரண்டில் எது கூடுதலாக வேலை செய்கிறதோ அது கொடுப்பவரிடமே இருக்க வேண்டும் என்பது மருத்துவத்தின் விதி. அந்த முடிவுக்கு இந்த அளவு உதவுகிறது.

எந்த ஸ்கேன் என்று சீட்டைப் பாருங்கள்

"கிட்னி ஸ்கேன்" என்று பொதுவாகச் சொன்னாலும் இதில் வகைகள் உண்டு. டிடிபிஏ, ஈசி என்ற மருந்துகளைக் கொண்டு எடுப்பது ரீனோகிராம். சிறுநீரகம் மருந்தை எப்படி வாங்குகிறது, எப்படி வெளியே தள்ளுகிறது என்று ஓடும் படமாக எடுப்பார்கள். படுத்திருக்கும் நேரம் அரை மணியிலிருந்து முக்கால் மணி.

டிஎம்எஸ்ஏ என்பது வேறு. அந்த மருந்து சிறுநீரகத்தின் சதைப் பகுதியிலேயே ஒட்டி நிற்கும். தழும்பு இருக்கும் இடம் வெற்றிடமாகத் தெரியும். அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் குழந்தைகளுக்கு அதிகம் எடுப்பது இதுதான். ஊசி போட்ட பிறகு இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் காத்திருந்துதான் படம் எடுப்பார்கள். குழந்தைக்குத் தின்பண்டம், மாற்றுத் துணி, பிடித்த பொம்மை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். அரை நாள் ஆகும்.

தொற்று வந்த உடனே டிஎம்எஸ்ஏ எடுத்தால் அப்போதைய அழற்சியும் தழும்பு மாதிரியே தெரியும். நிரந்தரத் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க டாக்டர் சில மாதம் கழித்து வரச் சொன்னால், அவர் தள்ளிப்போடுகிறார் என்று நினைக்காதீர்கள்.

அந்த ஊசியில் என்ன இருக்கிறது?

டெக்னீஷியம் என்ற தனிமம். 1937-இல் கண்டுபிடிக்கப்பட்டது. செயற்கையாக உண்டாக்கப்பட்டுக் கண்டறியப்பட்ட முதல் தனிமம் என்பதால் அந்தப் பொருள் தரும் கிரேக்கச் சொல்லையே பெயராக வைத்தார்கள். நாங்கள் பயன்படுத்துவது டெக்னீஷியம் 99எம். இது ஒவ்வொரு ஆறு மணி நேரத்துக்கும் பாதியாகக் குறையும். ஆறு மணியில் பாதி, பன்னிரண்டு மணியில் கால், ஒரு நாளில் பதினாறில் ஒரு பங்கு. ரீனோகிராமில் பெரும்பகுதி சிறுநீரிலும் போய்விடுவதால் உடம்பில் மிஞ்சுவது இன்னும் குறைவு.

இப்படி வேகமாகக் கரையும் பொருளை மொத்தமாக வாங்கி ஸ்டாக் வைக்க முடியாது. மாலிப்டினம் அடங்கிய ஜெனரேட்டர் ஒன்று மருத்துவமனைக்கு வரும். அதிலிருந்து தினமும் காலையில் டெக்னீஷியத்தை எடுப்போம். எங்கள் துறையில் இதற்குப் "பால் கறப்பது" என்றே பெயர். காலையில் கறந்ததை அன்றைக்கே பயன்படுத்தியாக வேண்டும். அதனால்தான் அப்பாயின்ட்மென்ட் விஷயத்தில் கறாராக இருப்பார்கள். வர முடியாவிட்டால் முந்தின நாளே போன் செய்து சொல்லிவிடுங்கள். உங்கள் இடத்தில் இன்னொருவர் வந்து படுக்கலாம்.

கதிர்வீச்சு அளவைக் கேட்பீர்கள். பெரியவர்களுக்கு இந்த ஸ்கேனில் கிடைப்பது சுமார் 1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் கீழ். ஸ்கேனே எடுக்காமல் சும்மா இருந்தாலும், மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதருக்கு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. வயிற்றுக்கு எடுக்கும் சி.டி. ஸ்கேனில் பொதுவாக இதைவிடப் பல மடங்கு அதிகம். அதற்காக ஆசைக்கு எடுக்கும் ஸ்கேன் இல்லை இது. தேவை இருந்தால் பயப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். இந்தப் பிரிவுகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்றுத்தான் இயங்க முடியும்.

போவதற்கு முன்னால்

இந்த ஸ்கேனின் முடிவு சரியாக வருவதில் பாதி மெஷின் கையில், பாதி உங்கள் கையில். உங்கள் பாதியைச் சொல்கிறேன்.

ஒன்று, தண்ணீர். உடம்பில் நீர் குறைவாக இருந்தால் நல்ல சிறுநீரகம்கூட மருந்தை மெதுவாகத்தான் தள்ளும். இல்லாத அடைப்பு இருப்பது போலத் தெரியும். முந்தின நாளிலிருந்தே நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். ஸ்கேனுக்கு அரை மணி நேரம் முன்னால் அரை லிட்டர் வரை குடிக்கச் சொல்வார்கள். குடித்தால் ஊசி போட நரம்பும் நன்றாகக் கிடைக்கும். ஆனால் கவனம்: இருதயம் பலவீனமானவர்கள், டயாலிசிஸ் செய்பவர்கள், "ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர்" என்று டாக்டர் கட்டுப்பாடு விதித்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. அங்கே போனதும் அந்தக் கட்டுப்பாட்டை முதலில் சொல்லுங்கள்.

இரண்டு, சாப்பாடு. இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. பழக்க தோஷத்தில் பட்டினியாக வந்து, வெயிலில் ஆட்டோ பிடித்து, மயங்கி விழுந்தவர்கள் உண்டு. இட்லி சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சர்க்கரை மாத்திரையை வழக்கம்போலப் போடுங்கள். உங்கள் மருத்துவமனை வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

மூன்று, மாத்திரைகள். நீர் மாத்திரையும் சில வகை பி.பி. மாத்திரைகளும் இந்த ஸ்கேனின் கணக்கை மாற்றலாம். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே காட்டிக் கேளுங்கள். நிறுத்தச் சொன்னால் எத்தனை நாள், மறுபடி எப்போது தொடங்குவது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக பி.பி. மாத்திரையை நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

நான்கு, சொல்ல வேண்டியவை. கர்ப்பமாக இருக்கிறீர்களா, இருக்கலாமோ என்ற சந்தேகமா, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறீர்களா, சல்ஃபா மருந்து அலர்ஜியா, உள்ளே டிஜே ஸ்டென்ட் வைத்திருக்கிறதா, யூரின் டியூப் இருக்கிறதா, சமீபத்தில் மருந்து ஏற்றி சி.டி. எடுத்தீர்களா? இவற்றை ஊசி போடும் முன் சொல்ல வேண்டும். மாமனார், மாமியார் பக்கத்தில் இருக்கிறார்கள் என்று கூச்சப்பட்டு கர்ப்பச் சந்தேகத்தை மறைத்துவிடாதீர்கள். தனியாகப் பேச வேண்டும் என்றால் தனியாகப் பேச ஏற்பாடு செய்வார்கள்.

ஐந்து, காகிதங்கள். டாக்டர் சீட்டு, அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட், கடைசி கிரியேட்டினின், பழைய ரீனோகிராம் இருந்தால் படத்துடன். உங்கள் உயரமும் எடையும் கணக்கில் சேரும். உத்தேசமாகச் சொல்லாமல் அங்கேயே அளக்கச் சொல்லுங்கள்.

படுக்கையில்

படுக்கும் முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார்கள். பை நிரம்பியிருந்தால் மேலிருந்து வடிவது தடைப்படும். பெல்ட், சில்லறை, சாவி, போன் எல்லாவற்றையும் வெளியே வையுங்கள். அவை படத்தில் மறைப்பாக விழும்.

எம்.ஆர்.ஐ. மாதிரி குகை இல்லை, சத்தம் இல்லை. சிறுநீரகம் முதுகுப் பக்கம் இருப்பதால் கேமராவும் பெரும்பாலும் முதுகுக்குக் கீழே இருக்கும். கேமராவிலிருந்து எந்தக் கதிரும் வராது. உங்கள் உடம்பிலிருந்து வருவதை அது வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான்.

கையில் ஊசி போட்டதும் படம் ஓட ஆரம்பிக்கும். முதல் நிமிடத்தில் இரத்தம் சிறுநீரகத்துக்குள் பாய்வது தெரியும். அடுத்த இரண்டு நிமிடங்கள் மிக முக்கியம். இடது எவ்வளவு, வலது எவ்வளவு என்ற கணக்கே அந்த நேரத்தில் பதிவானதை வைத்துத்தான். அப்போது புரண்டாலோ, எழுந்து பார்த்தாலோ கணக்கு கெட்டுவிடும். முதுகு வலி உள்ளவர்கள் ஊசிக்கு முன்பே முழங்காலுக்குக் கீழே தலையணை கேளுங்கள். ஊசி போட்ட இடத்தில் எரிச்சலோ வீக்கமோ வந்தால் அசையாமல், வாயால் சொல்லுங்கள். மருந்து நரம்புக்கு வெளியே கசிந்தால் அளவு தப்பாகும். டெக்னாலஜிஸ்டுக்கு அது தெரிய வேண்டும்.

அடைப்புச் சந்தேகம் இருந்தால் லாசிக்ஸ் என்ற நீர் பிரிக்கும் ஊசியும் போடுவார்கள். சில இடங்களில் தொடக்கத்திலேயே, சில இடங்களில் இருபது நிமிடம் கழித்து. கொஞ்ச நேரத்தில் அவசரமாக வரும். வெட்கப்பட்டு அடக்கிக்கொண்டு நெளிய வேண்டாம், சொல்லிவிடுங்கள். கடைசியில் பாத்ரூம் போய்வரச் சொல்லி, கொஞ்சம் நடக்கவிட்டு, இன்னொரு படம் எடுப்பார்கள். "எல்லாம் முடிந்துவிட்டது" என்று நினைத்து அதற்கு முன் கிளம்பிவிடாதீர்கள். எழுந்து நின்றதும் வடிந்துவிடுகிறதா என்று பார்க்கும் படம் அது.

எழும்போது மெதுவாக எழுங்கள். லாசிக்ஸ் போட்டதால் தலை சுற்றலாம். அறுபதைத் தாண்டியவர்கள் துணையோடு போங்கள். வீட்டுக்குக் கிளம்பும் முன் இன்னொரு முறை பாத்ரூம் போய்விட்டு வண்டி ஏறுங்கள். ஓ.எம்.ஆர். ட்ராஃபிக்கில் மாட்டிக்கொண்டு அவஸ்தைப்பட்டவர்கள் என்னிடம் வந்து சொன்ன அறிவுரை இது.

ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம்

ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்கள் கண்ணில் படும். முதலாவது, இடது-வலது பங்கு. இரண்டும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்பதில்லை. 45-க்கும் 55-க்கும் இடையில் இருந்தால் பொதுவாக நார்மல்தான். இரண்டாவது, ஜி.எஃப்.ஆர்., அதாவது நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அளவு. வயது ஏற ஏற இது குறைவது இயல்பு. எழுபது வயதுத் தாத்தாவின் எண்ணைப் பேரனின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

மூன்றாவது, லாசிக்ஸுக்குப் பிறகு மருந்து பாதியாக வடிய எடுத்த நேரம். பத்து நிமிடத்துக்குள் என்றால் வழி திறந்திருக்கிறது. இருபதைத் தாண்டினால் அடைப்பு இருக்கலாம். நடுவில் வந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. சிறுநீரகம் ஏற்கெனவே மிகவும் பலவீனமாக இருந்தாலோ, அதன் பை பெரிதாக விரிந்திருந்தாலோ, அடைப்பே இல்லாமலும் மெதுவாக வடியும். ஆகவே எண்ணை மட்டும் பார்த்து கூகுளில் தேடி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம். டாக்டரிடம் படத்தோடு காட்டுங்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னால், முடிந்தவரை அதே இடத்தில், அதே மருந்தில் எடுங்கள். அப்போதுதான் ஏறியதா, இறங்கியதா என்று நியாயமாக ஒப்பிடலாம்.

வீட்டுக்கு வந்த பிறகு

இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நாம் அடுக்குமாடியில் நெருக்கமாக வாழ்பவர்கள். ஸ்கேன் எடுத்துவந்த ஒரு பெரியவரை அவர் குடும்பமே மூன்று நாள் பால்கனியில் கட்டில் போட்டு, தனித் தட்டு வைத்து ஒதுக்கியதை அறிவேன். அந்தக் குடும்பம் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

இது தொற்றுநோய் இல்லை. லிஃப்டில் வரலாம், சேர்ந்து சாப்பிடலாம், பக்கத்து வீட்டாரோடு பேசலாம். அன்று ஒரு நாள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். ஆண்களும் உட்கார்ந்து போனால் சிந்தாது. இரண்டு முறை ஃப்ளஷ் செய்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கைக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சுவதையும், கர்ப்பிணிகளுக்கு மிக அருகில் நீண்ட நேரம் உட்காருவதையும் அன்று மட்டும் தவிர்க்கலாம். மருத்துவமனை இதற்கு மேல் ஏதாவது சொன்னால் அதைச் செய்யுங்கள். குழந்தைக்கு ஸ்கேன் எடுத்திருந்தால், அன்றைய டயப்பரைக் கையுறை போட்டு மாற்றி, கவரில் கட்டித் தனியே வைத்து, ஓரிரு நாள் கழித்துக் குப்பையில் போடுங்கள். தாய் குழந்தையைத் தூக்கலாம். பயந்து அழும் பிள்ளையைத் தூக்காமல் இருக்காதீர்கள்.

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"கிரியேட்டினின் அதிகம் உள்ளவருக்கு இந்த மருந்து கிட்னியை இன்னும் கெடுக்குமா?"
கெடுக்காது. சி.டி.யில் ஏற்றும் அயோடின் மருந்து வேறு, இது வேறு. இதன் அளவு மிகச் சொற்பம். அலர்ஜியும் மிக அபூர்வம்.

"வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் சொல்ல வேண்டுமா?"
பாத்திரம் தேய்ப்பதிலும் வீடு பெருக்குவதிலும் எந்தப் பிரச்சினையும் இல்லை. பாத்ரூம் கழுவுவதையும், சிறுநீர் பட்ட துணி துவைப்பதையும் அன்று அவரிடம் விடாதீர்கள். காரணத்தை மறைக்காமல் சொல்லுங்கள். அவருக்கும் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

"அடுத்த நாள் ஃப்ளைட் ஏறலாமா?"
ஏறலாம். சில விமான நிலையங்களில் உள்ள கதிர்வீச்சுக் கருவிகள் ஓரிரு நாள் வரை சத்தம் போடக்கூடும். ஸ்கேன் எடுத்த தேதியோடு ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

"பால் கொடுக்கும் தாய் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும்?"
மருந்தைப் பொறுத்து மாறும். சில மருந்துகளுக்கு நிறுத்தவே வேண்டியதில்லை. முன்கூட்டிச் சொன்னால், தேவைப்பட்டால் முதலிலேயே பால் எடுத்துவைக்கச் சொல்வார்கள்.

கடைசியாக ஒன்று. நம் பிளாக்குகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியாக வசிக்கும் பெரியவர்கள் பலர். "கூட வர ஆள் இல்லை" என்பதற்காகவே ஸ்கேனைத் தள்ளிப்போடுகிறவர்கள் அவர்களில் உண்டு. செயலாளரிடம் பேசிவிட்டேன். அலுவலக நோட்டில் பெயரும் தேதியும் எழுதுங்கள். பகலில் வீட்டில் இருக்கும் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்கள் முறை வைத்துத் துணைக்கு வருகிறோம். தண்ணீர் பாட்டிலும் பழைய ரிப்போர்ட்டும் மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.